நூல் 200 ரூபாய், அனுப்ப 140 ரூபாய்

"பொருளே 200 ரூபாய்தானே அக்கா, அனுப்ப எதுக்கு 140?" நான் எந்தக் கைவினைச் சாமானை விற்பனைக்குப் போட்டாலும் கீழே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. பெரிய ஆப்களில் 99 ரூபாய்ப் பொருள்கூட இலவச டெலிவரி என்று வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நான் நடுவில் காசு பார்க்கிறேன் என்றுதான் தோன்றும். அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

என்னிடம் வருவதெல்லாம் சென்னை வீடுகளின் பரண்களில் கிடந்த சாமான். சில்க் த்ரெட் வளையல் ஓடிய காலத்தில் பாரிமுனைக்குப் போய்ப் பை பையாக நூல், குந்தன் கல், பிளாஸ்டிக் வளையல் என்று வாங்கி வைத்தவர்கள், அப்புறம் குவில்லிங் என்கிற காகிதச் சுருள் வேலை, டெரகோட்டா நகை, இப்போது ஆரி எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, நடுவில் கல்யாணம், குழந்தை, வேலை, வீடு மாற்றம் என்று ஏதோ ஒன்று வந்து நிறுத்தியவர்கள். அவர்களிடமிருந்து வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, பாதி விலைக்கும் கீழே கொடுக்கிறேன். நல்ல ஜர்தோசி ஜரிகையும் பிரிக்காத ஆங்கர் எம்பிராய்டரி நூல்கண்டும் குப்பை வண்டியில் ஏறிப் பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ குப்பைக் கிடங்குக்குப் போவதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பொருளின் விலையைத்தான் நான் பாதியாக்க முடியும். கூரியர்காரருக்கு அது புதுசா பழசா என்பது கணக்கே இல்லை.

அவர்களுடைய கணக்கு எடையும் பெட்டி அடைக்கும் இடமும்தான். எடையை அரைக் கிலோ அரைக் கிலோவாக வைத்திருக்கிறார்கள். 510 கிராம் போனால் ஒரு கிலோவுக்கான காசு. அந்தப் பத்து கிராம் பல சமயம் அட்டைப்பெட்டியும் பிரவுன் டேப்பும்தான், பொருளே இல்லை. இதாவது பரவாயில்லை, கொஞ்சம் எடுத்துவிட்டுச் சமாளிக்கலாம். நிஜமான அடி கன அளவு எடையில் விழுகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். வருகிற எண் நிஜ எடையைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குத்தான் பில். ஒன்றரைக் கிலோ உல்லன் நூலை 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் 7.2 கிலோ என்று வரும். உல்லன் முழுக்கக் காற்று, அந்தக் காற்றுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதே நூலைப் பெட்டியே இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கி, 30, 25, 12 அளவுக்குக் கொண்டுவந்தால் 1.8 கிலோ. நான் அனுப்புகிற உல்லன் ஏன் அப்பளம் மாதிரி வருகிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் தானாக உப்பிவிடும், நூலுக்கு ஒன்றும் ஆகாது.

பாசிமணிக்குக் கதை நேர் எதிர். கையளவு பொட்டலம், தூக்கினால் கனம். கண்ணாடி மணி என்றால் இன்னும் மோசம். ஆரி வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டுகிற ஸ்டாண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், கழற்றினாலும் மரச்சட்டம் நீளமாகவே நிற்கும். அதை வெளியூருக்குக் கேட்பவர்களிடம் உங்கள் ஊர் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள், மிச்சமாகும் என்று நானே சொல்லிவிடுகிறேன். தின்னர், ஸ்ப்ரே வார்னிஷ் போன்ற தீப்பிடிக்கிற சாமானைக் கூரியரில் போடக் கூடாது. "தெரியாம வச்சு அனுப்புங்க அக்கா" என்று யாரும் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன்.

அந்தப் பெரிய ஆப்களால் மட்டும் எப்படி முடிகிறது? தினமும் லட்சக்கணக்கில் அனுப்புகிறவர்களுக்குக் கூரியர் கம்பெனி கொடுக்கும் ரேட் வேறு, கவுன்ட்டரில் ஒரு பார்சலோடு நிற்கும் எனக்குச் சொல்லும் ரேட் வேறு. மிச்சச் செலவு பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நானும் 200 ரூபாய் நூலை 340 என்று போட்டு இலவச ஷிப்பிங் என்று எழுதலாம். எழுத மனசு வரவில்லை. மயிலாப்பூரில் இருப்பவரும் குவாஹாத்தியில் இருப்பவரும் ஒரே காசு கொடுப்பது என்ன நியாயம்?

தபால் ஆபீஸ் மலிவாச்சே என்பார்கள். தட்டையான சின்னக் கவர்களுக்கு நான் நம்பியிருந்த பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்று தூரத்துக்கு ஏற்ற மாதிரி படி ஏறும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பழைய புத்தகம் விற்கிற நண்பர்களுக்கு இன்னும் முன்னாடியே அடி விழுந்தது, 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலையே நிறுத்திவிட்டார்கள். பிறகு 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது. பாடப் புத்தகம், பண்பாட்டு, சமய நூல்கள் மாதிரியானவற்றுக்கு மட்டும். தரைவழியாகத்தான் போகும், மெதுவாகத்தான் போகும். ஆனால் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி.

இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். புத்தகத்துக்கு முடிகிறது என்றால் மலிவான தரைவழித் தபால் முடியாத காரியமில்லை. கைவினைச் சாமானுக்கு யாருக்கும் அவசரம் கிடையாது. நூல் கெட்டுப்போகாது, மணி அழுகாது, பத்து நாள் கழித்து வந்தாலும் வாங்குகிறவர் காத்திருப்பார். வீட்டில் இருந்தபடி நாலு ப்ளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிற பெண்கள்தான் இதில் பாதிப் பேர். ஒருவர் பயன்படுத்திய தொழில் சாமான் இன்னொருவர் கைக்குப் போவதற்கென்று ஒரு மெதுவான, மலிவான பார்சல் கட்டணம் வேண்டும். கேட்டுக்கொண்டேதான் இருக்கப்போகிறேன்.

அது வரும்வரை நான் செய்வது இதுதான். சென்னைக்குள் கூரியரே வேண்டாம், மெட்ரோ ஸ்டேஷனிலோ கடற்கரை–தாம்பரம் லைனில் ஏதாவது ஒரு ஸ்டேஷனிலோ கையில் கொடுத்துவிடுகிறேன், ஷிப்பிங் பூஜ்யம். மதுரை, கோவை, திருநெல்வேலிக்கு மூட்டை பெரிதாக இருந்தால் பஸ் பார்சல். ஆம்னி பஸ்ஸில் போட்டு வண்டி நம்பரை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன், நீங்கள் இறங்குமிடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு விரைவு பஸ்களிலும் 2022 ஆகஸ்டிலிருந்து பார்சல் எடுக்கிறார்கள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியும் என்றால் இதைவிட மலிவு எனக்குத் தெரிந்து இல்லை. கூரியர்தான் வேண்டும் என்பவர்கள் ஒரு நூல்கண்டுக்காகக் கேட்காமல், தோழி ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அரைக் கிலோவை நிரப்பிக் கேளுங்கள். எடை போட்ட படத்தையும் ரசீதையும் அனுப்புகிறேன், ரசீதில் இருப்பதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. பார்சல் திரும்பி வந்தால் போக வர ரெண்டு செலவும் என் தலையில்தான், அந்த இழப்பை மற்றவர்களின் விலையில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

இப்போதைக்கு ஒரு பெரிய மூட்டை உல்லன், பேபி பிங்க்கும் மயில் கழுத்து நீலமும் கலந்து வந்திருக்கிறது. சென்னைக்குள் மட்டும், நேரில் மட்டும். வெளியூர்க்காரர்கள் ஆங்கர் நூல்கண்டு பட்டியல் கேளுங்கள், அது தட்டையாகப் போகும், கட்டுப்படியாகும்.