வாயாடி ஊரில் வாழ வந்தவள்

என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனவர். மலேசியாவின் பேராக்கில் பிறந்த நான் கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் வந்தபோது, "சொந்த ஊருக்கே திரும்பிட்டியே" என்றார்கள். எனக்கோ இது விசா வாங்கி வந்த வேற்று நாடு. வெயிலும் கொசுவும் சீக்கிரமே பழகிவிட்டன. இவர்கள் போடும் வாக்குவாதத்துக்குத்தான் நாளாயிற்று.

அங்கே அரசியல் பேச்செடுத்தால் அப்பா முதலில் சன்னலைச் சாத்துவார். அரசுக்கு எதிராகப் பேசினால் தண்டிக்க வெள்ளைக்காரன் 1948-இல் போட்ட நிந்தனைச் சட்டத்தைச் சுதந்திர மலேசியாவும் வைத்துக்கொண்டது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது இன்னும் இறுகியது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புரிமை பற்றிக் கேள்வி கேட்க 1971 முதல் நாடாளுமன்றத்திலும் தடை. இப்படி இருக்கையில் தமிழ்ப்பள்ளியையும் தைப்பூசத்தையும் பொத்திப் பொத்திக் காத்தோம். நம் சண்டையை அடுத்தவர் முன்னால் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே தேர் வரும் தெருமுனையிலேயே கறுப்புச் சட்டைப் பெரியப்பா மைக் பிடித்து, கடவுள் இல்லை என்பார். தேரும் போகும், பேச்சும் நடக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்று மாமனாரும் அவரும் கத்துவதைக் கேட்டு ஆரம்பத்தில் பயந்தேன். அப்புறம் பார்த்தால் இருவரும் ஒரே வண்டியில் துக்கம் கேட்கப் போகிறார்கள். மாமனார் பழைய கம்யூனிஸ்ட். ஆனாலும் பூம்புகாரில் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏற அழைத்ததாக மணிமேகலையில் வருவதைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

சரி, இந்தப் பெருமை எல்லாருக்குமானதா? டீக்கடை பெஞ்சில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கிராம சபையில் நெல் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுகிறது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தள்ளிவைப்பதைப் பற்றி ஆண்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். நியாயமான கோபம்தான். நூறு நாள் வேலைப் பெண்கள் கையெழுத்துக்காகத் தரையில் காத்திருந்தார்கள். தெற்குத்தெரு அக்கா ஒருவர் எழுந்து சுடுகாட்டுப் பாதையைக் கேட்டதும், "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றது ஒரு குரல். பெரியப்பா வாய் திறக்கவில்லை. மாமனாரும்தான்.

"எழுதினாத்தான் கையெழுத்து" என்று அக்கா நின்றார். மற்ற பெண்களும் பேனாவைத் தொடவில்லை. எனக்கு இங்கே ஓட்டு இல்லை, அதனால் சபையில் பேச்சும் இல்லை. வீட்டுக்கு வந்து மாமனாரிடம்தான் சண்டை போட்டேன், சன்னலைச் சாத்தாமல். தீர்மானம் நோட்டில் ஏறிவிட்டது. பாதை இன்னும் போடவில்லை.