புள்ளத்தாச்சிப் பொட்டி

எங்க அயித்தை என்கிட்ட பேசி இன்னையோட 11 நாளாச்சு. சொத்துத் தகராறு இல்ல, பொண்ணு கேட்டு மாட்டேன்னு சொன்ன கதையும் இல்ல. டீக்கடை பெட்டிக்கடையில எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பொட்டி வச்சிருப்பாய்ங்கல்ல, நாம போன்ல காசு போட்டா ஊருக்கே கேக்குற மாதிரி எவ்வளவுன்னு கத்துமே, அந்தப் பொட்டியாலதான் இம்புட்டும். வாங்கிக் குடுத்தவன் நான்ங்கிறதால மொத்தப் பழியும் என் தலையில.

அயித்தை எங்க அப்பாகூடப் பொறந்தவக. பாம்பன்ல ரோட்டோரமா கருவாட்டுக் கடை வச்சிருக்காக. கடைன்னா பெருசா நெனைக்காதீங்க, நாலு கம்பு, மேல ஒரு தார்ப்பாய், ரெண்டு பலகை, அதுல நெத்திலி, வாளை, கட்டா, திருக்கை, சீலான்னு குமிச்சு வச்சிருப்பாக. 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்தாலும் திறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரே இரும்புத் துண்டா லிப்ட் கணக்கா மேல போகுதுன்னு அதைப் பாக்குறதுக்கே கார் கட்டிட்டு வர்றாய்ங்க, ரோட்டுப் பாலத்துல நிப்பாட்டி செல்பி எடுக்குறாய்ங்க, போலீஸ் விசிலடிச்சதும் கிளம்பி வந்து அடுத்து நிக்கிறது நம்ம அயித்தை கடையிலதான்.

இந்தக் கார்க்காரவுக யாருகிட்டயும் கையில காசு கிடையாது. 400 ரூவாய்க்கு நெத்திலி வாங்கினாலும் "அக்கா ஸ்கேன் பண்ணலாமா"ன்னுதான் கேக்குறாய்ங்க. அதனால ஸ்கேன் பண்ற அட்டை மட்டும் ரெண்டு வருசமா தொங்குது. அயித்தைக்குக் கண்ணு கிட்டத்துல தெரியாது, போனை நீட்டி பச்சை டிக்கைக் காட்டினா "சரிப்பா மகராசனா போ"ன்னு அனுப்பிருவாக. போன பங்குனியில ஒரு கோஷ்டி 2 கிலோ நெத்திலி, ஒரு முழு சீலா வாங்கிட்டு பச்சை டிக்கைக் காட்டிட்டுப் போயிட்டாய்ங்க. சாயங்காலம் நான் கணக்கைப் பாத்தா அப்படி ஒரு காசே வரல. எங்கயோ எடுத்த பழைய படத்தைக் காட்டி ஏமாத்திருக்காய்ங்க. கடல்ல போற மீனைக்கூடப் புடிச்சிறலாம், கார்ல போற கருவாட்டை எங்குட்டுப் போயி புடிக்கிறது.

அப்பத்தான் நான் பெரிய இவன் மாதிரி, "அயித்தை, மாச வாடகை நூத்திச் சொச்சந்தான், பொட்டி ஒண்ணு வாங்கிருவோம், காசு வந்தா அதுவே தமிழ்ல சொல்லும்"னேன். ராம்நாட்டுல ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டுற வேலை பாக்குறதால எங்க சொந்தத்துல வயரு வச்ச சாமான் எதுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாக, மிக்ஸி ஓடலைன்னாலும் சேத்து.

பொட்டி வந்துச்சு. ஒத்த ரூவா போட்டு சோதிச்சுக் காட்டினேன். "ரூபாய் ஒன்று பெறப்பட்டது"ன்னு ஒரு பொம்பளை கொரல், வானொலியில செய்தி வாசிக்கிற மாதிரி அம்புட்டு சுத்தமா. அயித்தை மூஞ்சி மாறிப்போச்சு.

"என்னடா மருமகனே சொல்லுது? யாரு பெத்தாளாம்?"

"பெத்தா இல்ல அயித்தை, பெறப்பட்டது, காசு வந்துருச்சுன்னு அர்த்தம்."

"வந்துருச்சுன்னா வந்துருச்சுன்னு சொல்லித் தொலைய வேண்டியதான? பெத்துச்சு பொறந்துச்சுன்னு நாலு பேரு நிக்கிற எடத்துல."

அன்னையில இருந்து அதுக்குப் பேரு புள்ளத்தாச்சி. ஒரு வாரத்துல தெருவே அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. பேட்டரி குறையுதுன்னு அது சொன்னா "புள்ளத்தாச்சிக்கு மயக்கம் வருதுடா, வயரைச் சொருகு"ம்பாக. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல விடாம கத்திக்கிட்டே இருந்தா "என்னடா இது, நிமிசத்துக்கு ஒண்ணு பெத்துத் தள்ளுது, பன்னி தேவலாம்"னு சிரிப்பாக. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

நம்ம பக்கம் யாவாரம் எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரே நெத்திலிக்கு அயித்தைகிட்ட அஞ்சாறு விலை உண்டு. கார்க்கு ஒரு விலை, உள்ளூருக்கு ஒரு விலை, சொந்தக்காரவுகளுக்கு ஒரு விலை, புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுத்த டீச்சருக்கு ஒரு விலை, சீட்டுக் கட்டுற பொம்பளையாளுகளுக்கு ஒரு விலை, கேட்டா வாய்க்கு வந்தபடி பேசுற ஆளுகளுக்கு வேற விலை. ஒவ்வொருத்தருகிட்டயும் "ஒனக்காகத்தான் இந்த விலை, வெளிய சொல்லிறாத"ன்னு காதோரமா சொல்லித்தான் குடுப்பாக. வாங்குறவுகளுக்கும் அதுல ஒரு சந்தோசம், கருவாட்டை விட அந்த ரகசியந்தான் ருசி. மாட்டுச் சந்தையில துண்டைப் போட்டு மூடி உள்ள விரலைப் புடிச்சு விலை பேசுவாங்கல்ல, அதே சங்கதிதான், இங்க துண்டுக்குப் பதிலா அயித்தையோட முந்தானை.

இப்ப யோசிச்சுப் பாருங்க. டீச்சரு கால்கிலோவ வாங்கிட்டு ஸ்கேன் பண்றாக, பொட்டி "ரூபாய் எண்பது பெறப்பட்டது"ங்குது, பின்னாடி வரிசையில நிக்கிற அயித்தையோட சொந்த நாத்தனா அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடிதான் அதே கால்கிலோவுக்கு 100 ரூவா போட்டுட்டு இன்னும் வண்டி ஏறாம நிக்குது. கேக்கணுமா. "வெளியாளுக்கு எம்பது, கூடப்பொறந்தவளா நெனைச்ச எனக்கு நூறா"ன்னு அது ஆரம்பிக்க, "அது உடைஞ்ச நெத்திலி தாயி"ன்னு இவுக சமாளிக்க, "உடைஞ்சதையா எனக்குக் குடுத்தீக"ன்னு டீச்சரு திரும்ப, நான் ஒரு ஓரமா நின்னு போனை நோண்டிக்கிட்டே இருந்தேன், தலைய நிமிரல.

பக்கத்துக் கடைக்கார அக்கா இன்னும் மோசம். பொட்டி சொல்றதை எல்லாம் காது குடுத்துக் கேட்டு மனசுக்குள்ளயே கூட்டி சாயங்காலம் "இன்னைக்கு 6400 போல"ன்னு அயித்தைகிட்டயே சொல்லுது. அயித்தை எண்ணிப் பாத்தா 6,380. இருவது ரூவா தப்பாச் சொல்லுச்சேன்னு சந்தோசப்படவா, 6380ஐ சரியாச் சொல்லுச்சேன்னு வயிறெரியவா.

நான் ஒண்ணும் டெக்னாலஜிக்கு எதிரி கிடையாது. எங்க கரையில டெக்னாலஜி எப்பவுமே ஒரு மாதிரிதான் நடந்துக்கும், அதைத்தான் சொல்றேன். மொத விசயம் உப்புக்காத்து. போன் சார்ஜர் ஓட்டை எல்லாம் ஒரு வருசத்துல பச்சை பூத்துரும், பிரிட்ஜுக்குப் பின்பக்கம் தொட்டா தூளாக் கொட்டும், வாரண்டி கேட்டுப் போனா "தண்ணியில போட்டீங்களா"ன்னு கேப்பாய்ங்க, நாங்க தண்ணியிலதாங்க இருக்கோம். ரெண்டாவது, இலங்கை. தனுஷ்கோடிப் பக்கம் போனா இன்னைக்கும் போன்ல இலங்கைக்கு வருக வருகன்னு மெசேஜ் வரும். எங்க அப்பா காலத்துல தென்னமரத்து உசரத்துக்கு ஆன்டெனா கட்டி இலங்கை டிவி ரூபவாஹினி பாத்தவுக நாங்க, கொடைக்கானல்ல டிவி டவரு வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குப் படம் தெரியும், என்ன, புயலுக்குள்ள மேட்ச் நடக்குற மாதிரி இருக்கும். நான் நாலாவது படிக்கும்போது வீட்டுக் கடிகாரம் நின்னுபோயி, அம்மா இலங்கை ரேடியோவுல மணி சொன்னதை வச்சு அதைத் திருப்பி வச்சிருக்கு. அப்ப இலங்கைக்காரவுக நேரம் நம்மளவிட அரைமணி முன்னாடி, 2006லதான் திரும்பவும் நம்ம நேரத்துக்கே வந்தாங்க. விளைவு, தலையச் சீவி பவுடரு போட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனா கேட்டே திறக்கல, ஒரு ஆடு மட்டும் நின்னுச்சு. அரைமணி நேரம் அந்த ஆடும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். அன்னைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும், வரல, போயி பொட்டி வாங்கினேன்.

சரி, அந்த 11 நாளைக்கு முன்னாடி நடந்ததுக்கு வாரேன்.

தடைக்காலம் முடியப்போற நேரம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப்படகு மட்டுந்தான் போகும். படகு வச்சிருக்கவுக அந்த ரெண்டு மாசத்துல இஞ்சின் பாத்து, பலகை மாத்தி, பெயிண்ட் அடிச்சு வப்பாய்ங்க, எல்லாத்துக்கும் காசு வேணும், வருமானம் இருக்காது, அதனால அந்த நேரத்துல வீடு தேடி வர்ற சொந்தம் எதுக்கு வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதே நேரம் பச்சை மீனு கொறைஞ்சு போறதால கருவாட்டுக்கு நல்ல கிராக்கி. இது ஊரறிஞ்ச விசயம், ஆனா வாய்விட்டுச் சொல்லக்கூடாத விசயம்.

அன்னைக்கு மத்தியானம் காத்து பேய்க்காத்து. கரண்டு போச்சு, எங்கயோ டவரும் போச்சு. இந்தப் பொட்டிக்குள்ள தனியா ஒரு சிம்மு இருக்கு, அந்த சிம்முக்கு சிக்னல் இருந்தாத்தான் பேசும். வந்தவுக போன்லயும் அயித்தை போன்லயும் வேற கம்பெனி சிம்மு, அதுல காசு போயிருச்சு, நான்தான் அயித்தை போன்ல பாத்துப் பாத்து சரி சரின்னு அனுப்பிக்கிட்டு இருந்தேன். பொட்டி மட்டும் கம்முன்னு கெடந்துச்சு. "இன்னைக்குத்தான்டா கடை நிம்மதியா இருக்கு"ன்னாக அயித்தை.

ராத்திரி எட்டு மணிக்கு சின்ன மாமா வந்தாரு. மாமாவோட தம்பி, படகுல பங்கு வச்சிருக்கவரு. ஒரு சீப்பு வாழைப்பழம் வேற வாங்கிட்டு வந்துருந்தாரு, பழத்தைப் பாத்ததுமே அயித்தை என்னைப் பாத்து ஒரு பார்வை. கரண்டு வந்துருந்ததால டிவி பக்கத்துல புள்ளத்தாச்சிக்கு வயரு சொருகி வச்சிருந்தேன். காப்பி குடிச்சு, மழையைப் பேசி, மக கல்யாணத்தைப் பேசி, கடைசியா மெதுவா, "மதினி, இஞ்சின் வேலைக்கு ஒரு 50 ஆயிரம் தேவைப்படுது, படகு கடலுக்குப் போன ரெண்டாவது மாசமே குடுத்துருவேன்"னாரு.

அயித்தை முந்தானையால மூஞ்சியத் தொடைச்சாக. "நானே ஒங்ககிட்ட கேக்கலாமான்னு இருந்தேன் தம்பி. தடைக்காலம்ல, ஒரு ஈ காக்கா கடைப்பக்கம் வரல. இன்னைக்கெல்லாம் போணியே ஆகலைன்னா பாத்துக்கங்களேன்."

சொல்லி முடிக்கல, டவரு வந்துருச்சு.

"ரூபாய் நானூற்று எண்பது பெறப்பட்டது."

வீடே அமைதி. அயித்தை, "அது... பக்கத்து வீட்டு டிவி"ன்னாக.

"ரூபாய் ஆயிரத்து நூற்று ஐம்பது பெறப்பட்டது."

"டேய் மருமகனே, அதைப் பாருடா!" நான் பாய்ஞ்சு வயரைப் புடுங்கினேன், பேட்டரியில ஓடுற பொட்டிக்கு வயரைப் புடுங்கினா என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது. "ரூபாய் அறுநூறு பெறப்பட்டது." சத்தத்தைக் கொறைக்கிற பொத்தானைத் தேடினா அது உப்புப் பூத்து இறுகிப்போயி அமுங்கவே மாட்டேங்குது. மத்தியானம் பூராம் அடக்கி வச்சிருந்த பிரசவத்தை எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா... அயித்தை எந்திரிச்சு வந்து என் கையில இருந்து புடுங்கி, நேரா அடுப்படிக்குப் போயி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி, மேல அம்மிக் கொழவியத் தூக்கி வச்சிட்டாக.

அந்த அரிசிப் பானைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2016 நவம்பர் 8ந்தேதி ராத்திரி 500 ரூவா, 1000 ரூவா நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப, மாமாவுக்குக்கூடத் தெரியாம சேத்து வச்ச நோட்டு எல்லாம் இதே பானைக்குள்ள இருந்துதான் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் அதுக்குள்ள வெறும் அரிசிதான்னு அயித்தை சத்தியம் பண்ணி வச்சிருந்தாக. இப்ப அந்தப் பானைக்குள்ள இருந்து, கெணத்துக்குள்ள விழுந்தவ பேசுற மாதிரி, "ரூபாய் மூவாயிரம் பெறப்பட்டது"ன்னு ஒரு கொரல் வருது. ஓட்டல்காரரு பழைய பாக்கி.

சின்ன மாமா பழத்தை உரிச்சுக்கிட்டே கேட்டாரு, "மதினி, அண்ணன்கிட்ட இந்தப் பானையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கட்டா?"

20,000 குடுத்தாக. கையில ரொக்கமா, எண்ணி, அதே பானையில இருந்து. அரிசிக்கு அடியில கையவிட்டு எடுக்கும்போது என்னைத் திரும்பிப் பாத்தாக பாருங்க, அன்னையில இருந்து பேச்சு இல்ல.

பழைய பாம்பன் பாலத்துல கப்பல் போறதுக்கு ஆளுக நின்னு கையால சுத்தித்தான் திறப்பாங்களாம், 1914ல கட்டினது, நூறு வருசத்துக்கு மேல ஓடுச்சு. புதுசு மோட்டார்ல தானா மேல போகுது. "அம்பெரிய பாலத்தையே பொத்தானை அமுக்கி மூடத் தெரிஞ்சவனுக்கு, இம்புட்டுக்காண்டு பொட்டி வாய மூடத் தெரியலையாமா"ன்னு அயித்தை எங்க அப்பாகிட்ட என்னையப் பத்திச் சொன்னாகளாம். பாலத்தைக் கட்டினது நான் இல்லைன்னு அப்பாவும் எடுத்துச் சொல்லல.

நேத்து சாயங்காலம் சமாதானம் பேசலாம்னு கடைக்குப் போனேன். பொட்டிய இப்ப ரெண்டு கோணிச்சாக்குக்குள்ள சுத்தி பலகைக்கு அடியில வச்சிருக்காக. என்னைப் பாத்ததும் கருவாட்டுல ஈ ஓட்ட ஆரம்பிச்சிட்டாக. நானும் ஒண்ணும் பேசாம ஸ்கேன் பண்ணி 500 ரூவா போட்டேன். சாக்குக்குள்ள இருந்து, "ரூபாய் ஐநூறு பெறப்பட்டது."

அயித்தை நிமிந்து பாக்கல. கால்கிலோ நெத்திலிய அள்ளி, மேல ஒரு கைப்புடி கூடப் போட்டு, பேப்பர்ல சுத்தி என் பக்கம் தள்ளிவிட்டாக. சரி, பாதி கோவம் போயிருச்சுன்னு தெம்பா வண்டிய எடுத்தேன்.

மண்டபத்துல வீட்டுக்கு வந்து சேர 20 நிமிசம் ஆயிருக்கும். அம்மா வாசல்லயே நின்னுச்சு, கையில போன். பக்கத்துக் கடைக்கார அக்காவும் அம்மாவும் ஒரே சீட்டு.

"அயித்தைக்கு ஐநூறு போட்டியாமே?"

ராத்திரி விலைமீன் கொழம்பு. நடுத்துண்டு ரெண்டும் அப்பா தட்டுக்குப் போச்சு. எனக்கு வாலு.