ஏறாத முள்: சம்பா அறுப்பு நாட்களின் பட்டறைக் குறிப்பு

ஜனவரி 19, மன்னார்குடி

நெல் மூட்டை ஏற்றும் பத்து டன் வண்டி. ஆறு சிலிண்டர் டீசல், 24 வோல்ட், பெல்ட்டில் ஓடும் ஃபேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள் 80 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டியது, 55-ஐத் தாண்டுவதில்லை. பள்ளத்தில் இறங்கினால் அடியில் விழுந்து மறுபடி எழுகிறது. முள் ஏறினால்தானே பயம் என்று இதே நிலையில் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

மீட்டரில் கை வைப்பதற்கு முன் தண்ணீர். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஏறத்தாழ 2 லிட்டர் குறைவு. சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரின் நுனி எப்போதும் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். மட்டம் இறங்கி நுனி காற்றில் நின்றுவிட்டால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழேயே கிடக்கும். தண்ணீர் தெறிக்கும்போது மட்டும் துள்ளும். முள் ஆடும் வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

ரேடியேட்டரின் கீழ்க் குழாயான லோயர் ஹோஸ் கிளிப்படியில் வெள்ளைப் பொருக்கு. கசிவு அங்கே. கிளிப் மாற்றி, மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே 15 நிமிடம் ஐட்லிங். முதலில் குமிழி வந்தது, பிறகு நின்றது. உள்ளே தங்கிய காற்று, அவ்வளவுதான். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி பெருகினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

முள் இன்னும் 55-தான்.

ஜனவரி 20

ஒயரிங். சாவியைப் போட்டு சென்சார் ஒயரைக் கழற்றியதும் முள் அடிக்கு வந்தது. கழற்றிய ஒயரை 22 ஓம் ரெசிஸ்டர் வழியாக எஞ்சின் பிளாக்கில் தொட்டால் 120 பக்கம் போய் நின்றது. மீட்டரும் ஒயரும் சரி. (ரெசிஸ்டர் இல்லாமல் நேரே எர்த்தில் வைப்பதாக இருந்தால் ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.) டீசல் முள்ளும் கூடவே ஆடினால் சென்சாரை விட்டுவிட்டு டேஷ்போர்டு எர்த்தையும் மீட்டருக்கு வரும் பொது சப்ளையையும் பார்க்கலாம். இங்கே டீசல் முள் அசையவில்லை.

சென்சாரைக் கழற்றி வெந்நீரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தது: 40 டிகிரியில் 285 ஓம், 60-ல் 134, 80-ல் 70. வி.டி.ஓ கம்பெனி வகை 120 டிகிரி சென்சாருக்குச் சரியான கணக்கு. 100-ல் 38 வர வேண்டும்.

கோளாறு மரையில். யாரோ டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருக்கிறார்கள். ஒற்றை முனை சென்சாருக்கு மரைதான் எர்த்; டேப் அதைத் தடுக்கிறது. மாட்டிய நிலையில் சென்சார் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 18 ஓம். விரலால் தட்டினால் இணைப்பே அறுந்துபோகிறது. அரை ஓமுக்குள் இருக்க வேண்டிய இடம்.

இந்த 18 ஓம் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்கும். உண்மையில் 58 டிகிரி என்றால் மீட்டர் 55 காட்டும். மூன்று டிகிரிதான், யாருக்கும் தெரியாது. ஆனால் 80 இருக்கும்போது 73. உண்மையில் 100 ஆகும்போது 87! சூடு ஏற ஏற சென்சாரின் ஓம் குறைவதால், அதே 18 ஓம் மேலே போகப் போகப் பெரிய பொய் சொல்கிறது.

டேப்பை உரித்து, மரையைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, புது செம்பு வாஷர். எஞ்சினிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் பட்டையும் துருவேறியிருந்தது, அதையும் சுத்தம் செய்தாயிற்று.

ஜனவரி 21

ஆட்டம் நின்றது. முள் நிலையாக 58. அப்படியானால் எஞ்சினே உண்மையில் குளிர்ந்துதான் ஓடுகிறது. ஒரே வண்டியில் இரண்டு கோளாறு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு.

உறுதிப்படுத்த லேசர் தெர்மாமீட்டர். பளபளக்கும் அலுமினியத்தில் நேரே அடித்தால் குறைத்துக் காட்டும்; தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) இருக்கும் ஹவுசிங்கில் கறுப்பு டேப் ஒட்டி அதில் அடிக்க வேண்டும். 57. காலையில் ஸ்டார்ட் செய்த மூன்றாவது நிமிடத்திலேயே ரேடியேட்டருக்குப் போகும் அப்பர் ஹோஸ் வெதுவெதுப்பு; வால்வு மூடியிருந்தால் அது வெகுநேரம் ஜில்லென்றே இருக்கும்.

தஞ்சாவூர் ஓட்டத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட் நல்ல சோதனைக்கூடம். கேட் போட்டு ஐட்லிங்கில் நின்றபோது முள் 58-லிருந்து 50-க்கு இறங்கியது. டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது உண்டாக்கும் சூடு கொஞ்சம், ஃபேனோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடாத லாரி நின்றால் ஆறும்.

ஜனவரி 22

ஹவுசிங் கழற்றினால் தெர்மோஸ்டாட்டே இல்லை. “வால்வ எடுத்துட்டா ஹீட்டே ஆகாதுண்ணே” வைத்தியம். மேடே இல்லாத டெல்டாவில், மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் பார்க்காத வண்டிக்கு, இது பல வருடம் வெளியே தெரியாது. உள்ளே தெரியும்: காலையில் வெள்ளைப் புகை, டக்டக் சத்தம், டிப் ஸ்டிக்கில் கறுப்புப் பிசின், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம், டீசல் செலவு. இந்த வகை எஞ்சினில் பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் வழி) மூடுவதும் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். வெறும் வண்டியில் குளிரும். முழு லோடோடு மலை ஏறினால் கொதிக்கும்.

ஜனவரி 23

புது தெர்மோஸ்டாட், திறக்கும் சூடு 82 என்று எண் அடித்தது. மாட்டும் முன் பாத்திரத்து நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சோதனை. அடியைத் தொட்டால் அளவு தப்பும். 81-ல் வாய் பிளந்தது, 95-ல் 8 மில்லிமீட்டர் திறப்பு. ஆறியதும் முழுக்க மூடியது. ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், காற்று விடும் சின்ன ஊசி மேல் பக்கம் இருக்கும்படி மாட்டி, புது பேக்கிங்.

போர் தண்ணீர் வேண்டாம். வேதாரண்யம் பக்கத்து உப்பு நீர் ஊற்றிய வண்டிகளில் சென்சார் நுனியில் சுண்ணாம்பு உறை கட்டி, சூடு ஏறுவதைத் தாமதமாகக் காட்டும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

ஜனவரி 27

நான்கு நடை ஓடியாயிற்று. லோடில் 84, வெறுமையில் 81, கேட்டில் நின்றால் 79. காலைப் புகை ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. தண்ணீர் மட்டம் முதல் நாள் கால் லிட்டர் இறங்கியது, பிறகு இல்லை. அடுத்த ஆயில் மாற்றும்போது தேய்மானத் துகள் இருக்கிறதா என்று ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும்.