ரிசீவரை எடுத்தால் இணையம் போகும்

யாராவது தொலைபேசி ரிசீவரைக் கையில் எடுத்தால் போதும், மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டத் தொடங்கி, இணையம் அறுந்துவிடும். அகலப்பட்டை இணைப்பு வந்த முதல் இரண்டு வாரங்கள் எங்கள் வீட்டில் இப்படித்தான் கழிந்தன. சேவை மையத்தில் எப்போது கேட்டாலும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டுச் சலித்த பிறகுதான், இரண்டு செப்புக் கம்பிகளுக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

தொலைபேசிப் பேச்சுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் மட்டுமே. அதற்கு மேல் காலியாகக் கிடக்கும் இடத்தில்தான், தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுவரும் ஏடிஎஸ்எல் முறை குடியேறுகிறது. பரவலாக உள்ள வகையில் 26 கிலோஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 138 வரை பதிவேற்றத்துக்கும், அங்கிருந்து 1,104 வரை பதிவிறக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த ஏடிஎஸ்எல்2+ மேல் எல்லையை 2,208 ஆக்கியது. இந்த இடம் முழுவதையும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறு வாய்க்கால்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சல் எவ்வளவு என்று மோடம் அளந்து, தெளிவாக இருப்பதில் 15 பிட் வரை ஏற்றிவிட்டு, இரைச்சல் மிகுந்ததைச் சும்மா விட்டுவிடுகிறது. விளக்கு சிமிட்டும்போது நடப்பது இந்த அளவெடுப்புதான். நான் அதைக் கோளாறு என்று எண்ணித் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதிவேற்ற வேகம் குறைவாக இருப்பதைக் கஞ்சத்தனம் என்றும் நினைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான வீடுகளின் கம்பிகள் தொலைபேசி இணைப்பகத்தை நெருங்கும்போது ஒரே கேபிளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன; நெடுந்தூரம் வந்து நலிந்துபோன நம் சமிக்ஞை, அங்கிருந்து அப்போதுதான் புறப்படும் பிறருடைய வலுவான சமிக்ஞைகளின் கசிவில் மூழ்கிவிடும். ஆகவே இரு திசைக்கும் சம வேகம் தராமல் பதிவிறக்கத்துக்குப் பெரும்பங்கைக் கொடுக்கலாம் என்ற வழியை 1980-களில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஜோசப் லெக்லைடர் முன்வைத்தார். ஏடிஎஸ்எல் என்ற பெயரின் முதலெழுத்தே அந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது.

விளம்பரத்தில் காணும் 24 மெகாபிட் வேகம், இணைப்பகத்தின் அருகில் இருப்பவர்களுக்குத்தான் எட்டும். கம்பி நீள நீள உயர் அதிர்வெண்கள்தாம் முதலில் தேய்கின்றன. நம் கம்பியின் நிலையை அறிய, மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்ற ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்; இரைச்சலை மீறி இணைப்பு நிற்கத் தேவையானதற்கு மேல் சமிக்ஞைக்கு எவ்வளவு வலு மிச்சமிருக்கிறது என்பதை அது காட்டும். பொதுவாக அது 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடும். எங்களுக்கு 9 என்று காட்டியது, ரிசீவரை எடுத்ததும் 2-க்கு விழுந்தது.

பின்னறையில் யாரும் தொடாத பழைய எக்ஸ்டென்ஷன் தொலைபேசி ஒன்று, பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடும் ஸ்பிளிட்டர் இல்லாமல் நேரடியாகக் கம்பியில் செருகப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் அறுந்துபோவது நின்றது. ஆனாலும் மழை பெய்தால் வேகம் பாதியானது. லைன்மேன் வந்து வெளிச்சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து இன்சுலேஷன் டேப்பை உரித்தபோது, முறுக்கிய இடம் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்படி சீவி, புதிதாக இணைத்தார். அன்றிரவு மழையிலும் மார்ஜின் 12 என்றே நின்றது.