அந்த மூன்றாவது தட்டு

கிருமி வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியான இன்குபேட்டரைத் திறந்ததும் பிள்ளைகள் மூன்று வளர்ப்புத் தட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

மூன்றிலும் ஒரே ஈ.கோலி பாக்டீரியா.

உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் மட்டும் கலந்த திரவத்தில் ஊறியதில் தட்டு முழுக்க வெளிறிய பாக்டீரியாப் புள்ளிகள், எண்ணவே முடியவில்லை. அமிலம் மட்டும் சேர்த்ததில் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்ததில் விளிம்போரம் அங்கொன்று இங்கொன்று.

ஸ்குவாஷ் பாட்டிலில் 211 என்று போட்டிருப்பார்களே, அது இந்த சோடியம் பென்சோயேட்தான். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.2க்குக் கீழே போனால்தான் அதில் பாதிக்கு மேல் பென்சாயிக் அமிலமாக மாறும். அந்த வடிவம்தான் பாக்டீரியாவின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கும்.

'கெமிக்கல்' என்று பயமுறுத்தி வாட்ஸ்அப்பில் வரும் எதிலும் எவ்வளவு, எதோடு கலந்தது என்ற கேள்வியே இல்லை. இந்தப் பிள்ளைகள் அமிலத்துக்கென்று தனித்தட்டு வைத்துக் கேட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அடுத்த வாரம் எலுமிச்சை ஜூஸில் பார்க்கிறோம்.