தலையணைக்கு அடியில் மூன்று மாத்திரைகள்

இன்று காலை தங்கையின் தலையணையை நகர்த்தியபோது, கசங்கிய காகிதத்தில் மடித்து ஒளித்து வைத்திருந்த மூன்று பாராசிட்டமால் மாத்திரைகள் கையில் சிக்கின.

சிசேரியன் முடிந்து இது இரண்டாம் நாள். இருமல் வரும்போதெல்லாம் வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், "பால் வழியாப் புள்ளைக்குப் போயிடும்னு அத்தை சொன்னாங்கக்கா" என்றாள்.

எனக்கு நெஞ்சு பதறியது.

முதுகில் போடும் மயக்க ஊசியோடு மார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணியைச் சிறிதளவு சேர்த்திருந்தால், அதன் பலன் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். அது விலகிய பிறகே தையலின் முழு வலியும் தெரியவரும். அப்போது பாராசிட்டமாலையும், அதனுடன் ஐபுபுரூஃபன் அல்லது டைக்ளோஃபெனாக்கையும் வலி முற்றும்வரை காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடுப்பார்கள். இரண்டும் வெவ்வேறு விதமாக வலியை அடக்குவதால், வீரியம் மிகுந்த மருந்துகளின் தேவை குறைகிறது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்கும் தாய்ப்பாலில் மிகச் சொற்ப அளவே கலக்கின்றன. பாலூட்டும் தாய்க்குக் கோடீன், டிரமடால் போன்ற வீரியமான வலிநிவாரணிகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. அத்தையையும் அருகில் அழைத்து, பொறுமையாக இவற்றையெல்லாம் விளக்கினார். பிறகு ஒரு சிறிய தலையணையைக் கொடுத்து, "இருமுறப்போ இதைத் தையல் மேல அணைச்சுப் பிடிச்சுக்கோம்மா" என்றார்.

மதியம், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, தங்கை முதன்முறையாக யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.