11 மீட்டர்: டைபிரேக்கர் பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

கால்பந்தில் ஆட்டம் சமனில் நின்றால், கோலிலிருந்து 11 மீட்டரில் உள்ள புள்ளியிலிருந்து இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனால்ட்டிகள்தான் டைபிரேக்கர். அடிப்பவர் நடுக்கோட்டிலிருந்து நடந்து வர வேண்டும். அதனால் முதல் நாள் பந்து வேண்டாம், நடை மட்டும். 105 மீட்டர் மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து பெனால்ட்டி புள்ளிக்கு 41.5 மீட்டர். தனியாக நடந்தால் அரை நிமிடம். மனம் மாறுவது இங்கேதான். இடது மூலை என்று கிளம்பியவர், கீப்பர் அந்தப் பக்கம் கை நீட்டுவதைப் பார்த்து வலதுக்கு மாறுகிறார். உடல் பழைய முடிவில் ஓடும், கால் புதிய முடிவுக்குத் திரும்பும், பந்து மெதுவாக நடுவே போகும்.

பயிற்சி: நடக்கத் தொடங்கும் முன் மூலையைப் பயிற்சியாளர் காதில் சொல்லிவிட வேண்டும். பந்தோடு பழகும் நாட்களில், சொன்ன மூலைக்குப் போகாத பந்து கோலானாலும் தவறு என்றே குறிக்கிறோம். பையன்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் விடக்கூடாது.

ஜூன் 4, புதன்

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் டைபிரேக்கர்களை அலசியிருக்கிறார். அடித்தால் வெற்றி என்ற நிலையில் 90 சதவீதத்துக்கு மேல் கோல். தவறினால் தோல்வி என்ற நிலையில் சுமார் 60தான். பந்தும் தூரமும் அதேதான், பயம்தான் வேறு. பயந்தவர் விசில் ஊதிய கணமே ஓடுகிறார். அந்த இடத்தைவிட்டு எப்படியாவது தப்பினால் போதும் என்றிருக்கிறது அவருக்கு.

விசிலுக்குப் பின் ஒரு மூச்சு முழுதாக வெளியே போகட்டும், பிறகு ஓட்டம். அதற்கு மேல் நின்றால் மறுபடி யோசனை வந்துவிடும்.

கணுக்காலைப் பார், முட்டியைப் பார் என்று கடைசி நேரத்தில் திருத்துவது பெரிய கெடுதல். படியிறங்கும்போது ஒவ்வொரு அடியையும் கவனித்தால் கால் இடறும் அல்லவா? பழகிய உதையும் அப்படித்தான். போட்டிக்கு 2 நாள் முன்பே திருத்தங்களை நிறுத்திவிட வேண்டும். பந்து போய் விழும் இடம் ஒன்றே மனதில் இருந்தால் போதும்.

ஜூன் 6, வெள்ளி

2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா கீப்பர் மார்டினெஸ் பந்தைத் தூர எறிந்தார். பிரான்சின் சுவாமெனி போய் எடுத்து வந்து வெளியே அடித்தார். இதற்கு மருந்து எளிது: நம் கீப்பரே பந்தை எடுத்து நம் ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இன்று அதை மட்டுமே பழக்கினோம்.

ஜூன் 9, திங்கள்

கீப்பருக்கும் அழுத்தம் உண்டு. 286 பெனால்ட்டிகளைப் பார்த்த 2007ஆம் ஆண்டு இஸ்ரேல் ஆய்வில் நடுப்பகுதிக்கு வந்தவை 28.7 சதவீதம், கீப்பர் நடுவில் நின்றது 6.3 சதவீதம் மட்டுமே. சும்மா நின்று கோல் விட்டால் பழி வரும், பாய்ந்தும் கோல் விட்டால் முயன்றதாகத் தெரியும்.

ஜூன் 11, புதன்

வரிசையாகப் 10 பந்து அடிப்பது பெனால்ட்டி பயிற்சியே அல்ல. பத்தாவதில் பதற்றம் மிச்சமிருக்காது. 20 நிமிடம் ஓடிக் களைத்த பின், அணி முழுதும் நடுவட்டத்தில் நின்று பார்க்க, ஆளுக்கு ஒரே ஒரு உதை. தவறினால் மறுவாய்ப்பு நாளைக்குத்தான்.

வரிசை: சிறந்தவரை ஐந்தாவதாக வைக்கவில்லை. 2012 யூரோ அரையிறுதியில் போர்ச்சுகலின் ஐந்தாவது ஆளான ரொனால்டோவின் முறை வருவதற்குள் ஸ்பெயின் 4-2 என முடித்துவிட்டது. நம் அணியில் சிறந்தவர்தான் முதலாவது.